ஐம்பது வயதான எண்ணெய்க் குழாயைத் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதானா?

மார்ச் 2, மாலை. இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

எங்கள் ஊர் வயல்களுக்கு அடியில் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று செல்கிறது. என் தந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் புதைத்ததாம். ஐம்பது ஆண்டுகள் ஈர மண்ணில் கிடக்கும் இரும்பு என்னவாகியிருக்கும் என்று சொல்ல எஞ்சினியர் வேண்டியதில்லை. லாரிக்கு வயது வரம்பு இருக்கும்போது குழாய்க்கு ஏன் இல்லை? ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டுவது காசை மிச்சப்படுத்தும் தந்திரம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 2, இரவு 10.15

மறுக்கிறேன், ஆனால் பாதிதான். இருபத்தேழு ஆண்டுகள் குஜராத்திலும் வளைகுடாவிலும் குழாய்ப்பாதை ஆய்வு வேலையில் இருந்தவன் நான்.

லாரி ஓட ஓடத் தேய்கிறது. புதைத்த குழாய் ஓடுவதில்லை. மேற்பூச்சு ஒட்டியிருந்து, கத்தோடிக் பாதுகாப்பு மின்னோட்டமும் (அரிப்பைத் தடுக்கக் குழாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் சிறு மின்னோட்டம்) ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டிப் பார்க்கும்போதும் இரும்பு ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்தது போலவே இருக்கும். மில் முத்திரை எண்ணை விரலால் தடவிப் படித்திருக்கிறேன். அசாமின் நகர்கட்டியாவிலிருந்து பரௌனி வரை செல்லும் கச்சா எண்ணெய்க் குழாய் 1960களின் தொடக்கத்தில் போடப்பட்டது, 1,157 கி.மீ. நீளம், இன்னும் பணியில் இருக்கிறது. இரும்பு முதுமை அடைவதில்லை.

வயது அப்படியானால் பொருட்டே இல்லையா என்றால், பொருட்டுத்தான். பழைய குழாயில் நிலக்கரித் தார்ப் பூச்சு இருக்கும், அல்லது தளர்ந்து தொங்கும் பிளாஸ்டிக் டேப் இருக்கும். அந்தக் காலத்து நீளவாட்டுப் பற்றவைப்பு, அதாவது தகட்டை வளைத்துக் குழாயாக்கி மூடிய தையல், இருக்கும். எல்லாவற்றையும்விட, அதைப் பற்றிய காகிதங்கள் தொலைந்திருக்கும். நான் அஞ்சுவது அந்தக் கடைசிக் குறையைத்தான்.

மார்ச் 3, காலை 6.30

"காகிதம் தொலைந்தால் குழாய் வெடித்துவிடுமா?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். வெடித்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் சான் புரூனோ என்னும் ஊரில் 2010 செப்டம்பர் 9 அன்று மாலை, குடியிருப்புக்கு அடியில் சென்ற 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. எரிவாயுவை நிறுத்த 95 நிமிடங்கள் ஆயின. அந்தப் பகுதி 1956இல் போடப்பட்டது. நிறுவனத்தின் பதிவேட்டில் அது நீளவாட்டுப் பற்றவைப்பே இல்லாத குழாய் என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் 30 அங்குல விட்டத்தில் அப்படியொரு குழாயை யாரும் தயாரிக்கவே இல்லை. அந்த வரியைப் பல்லாண்டுகளாகப் பலர் படித்திருப்பார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மண்ணுக்குள் உண்மையில் இருந்தவை, ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்த ஆறு குட்டைத் துண்டுகள். அவற்றில் சிலவற்றின் நீளவாட்டுத் தையல் வெளிப்புறம் மட்டும் பற்றவைக்கப்பட்டு, உட்புறம் தொடப்படாமல் விடப்பட்டிருந்தது. வெடித்தபோது அழுத்தம் 386 பிஎஸ்ஐ, அனுமதிக்கப்பட்டதோ 400. வரம்பை மீறவில்லை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தக் குழாய்க்கு நடந்த ஆய்வைப் பற்றி. அதை ஆய்வு செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெளி அரிப்பைத் தேடும் நேரடி மதிப்பீடு என்ற முறையில் செய்திருந்தார்கள். தரைக்கு மேலிருந்து மேற்பூச்சின் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் முறை அது. தையலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தையலே இல்லை என்று காகிதம் சொல்லும்போது, தையலைத் தேடும் கருவியை யார் அனுப்புவார்கள்?

மார்ச் 4, இரவு 9.40

கணக்கைக் காட்டச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். காட்டுகிறேன், பொறியியல் படிக்காதவர்களும் தொடர முடியும்.

குழாயின் விட்டம் 610 மி.மீ., சுவர்த் தடிமன் 9.5 மி.மீ., எஃகு எக்ஸ்52 வகை, இயக்க அழுத்தம் 80 பார் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் 40 விழுக்காட்டை அரிப்பு தின்றுவிட்டது என்று அறிக்கை வருகிறது. ஊரில் சொன்னால் அலறுவார்கள்: பாதிச் சுவர் போய்விட்டதே! ஆனால் ஆழத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். குழாயின் நீளவாட்டில் அந்தக் குழி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது மீதி. குழி 50 மி.மீ. நீளம் என்றால், அரித்த குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணிக்கும் திருத்தப்பட்ட பி31ஜி சூத்திரத்தின்படி அது பிளக்க ஏறத்தாழ 126 பார் தேவை. சுற்றியிருக்கும் நல்ல சுவர் அந்தச் சிறு குழியைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதே ஆழம், நீளம் 200 மி.மீ. என்றால் 103 பாரில் பிளக்கும். இயக்க அழுத்தத்தைப் போல் 1.25 மடங்காவது தாங்க வேண்டும் என்பது பொது வழக்கம். நமது எடுத்துக்காட்டில் அது 100 பார். ஆக, 103 தேர்ச்சி. கோப்பை மூடலாம்.

மூடக்கூடாது. குழாய்க்குள் ஓடி அளக்கும் காந்தக் கருவியின் துல்லியம் பொதுவாகச் சுவரில் பத்து விழுக்காடு முன்பின், அதுவும் பத்துக்கு எட்டு முறை. அறிக்கையில் 40 என்று இருப்பது மண்ணுக்குள் 50 ஆக இருக்கலாம். 50 என்று போட்டால் 94 பார்; தேர்ச்சி இல்லை. பத்துக்கு மீதி இரண்டு முறையில் அது 60 ஆகவே இருந்துவிட்டால் 84 பார். அதாவது 80 பாரில் ஓடும் குழாயில் வெறும் 4 பார் இடைவெளி. சூத்திரம் ஒன்றுதான், குழியும் ஒன்றுதான். நாம் எதை நம்பினோம் என்பது மட்டும் மாறியது.

ஆழம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த விதி கணக்குப் போடவே விடாது. பழுது பார்த்தாக வேண்டும்.

மார்ச் 4, இரவு 11.05

மூலச் சூத்திரத்தைப் போடாமல் திருத்தப்பட்டதைப் போட்டது ஏன் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். 1984இல் வந்த மூல விதி குழியைப் பரவளைய வடிவமாக எடுத்துக்கொண்டு, நீண்ட குழிகளுக்கு மிகையான எச்சரிக்கையுடன் விடை தரும் என்பதால் திருத்தத்தைப் பயன்படுத்தினேன். இப்போது மூலச் சூத்திரத்திலும் போட்டுப் பார்த்தேன்: 200 மி.மீ. குழிக்கு 101 பார் வருகிறது. இரண்டு பார்தான் வேறுபாடு. எந்தச் சூத்திரம் என்று மாநாடுகளில் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அளவீட்டுப் பிழை ஒன்பது பாரை விழுங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மார்ச் 6, மாலை 5.20

"குழாய்க்குள் ஓடும் கருவி" என்று நீட்டி எழுதுவானேன் என்கிறார்கள். துறையில் அதன் பெயர் பிக். சுத்தம் செய்யும் சாதாரண பிக் உண்டு. அளவெடுக்கும் இன்டெலிஜென்ட் பிக் உண்டு. குழி வெட்ட வந்த நம் ஊர் ஆட்கள் முதல் நாளிலேயே அதைப் பன்றி ஆக்கிவிட்டார்கள். "பன்றி எத்தனை மணிக்கு வரும்?" என்று வயர்லெஸ்ஸில் கேட்பதும், "பன்றி மூன்றாவது வால்வைத் தாண்டிவிட்டது" என்று பதில் வருவதும் அங்கே அன்றாடம். புதிதாகச் சேர்ந்த கணக்கர் ஒருவர் "பன்றி வாடகை" என்ற பில்லைத் திருப்பி அனுப்பிய கதையும் உண்டு.

பிக் வந்து சேர்ந்ததும், குழாயின் முனையில் அதைப் பிடிக்கும் பெட்டியைத் திறக்கும்போது, அது முன்னால் தள்ளிக்கொண்டு வந்த கறுப்புச் சேற்றை முதலில் தண்ணீரால் நனைப்போம். அதில் இரும்பு சல்ஃபைடு இருந்தால், காய்ந்து காற்றுப்பட்டவுடன் தானாகவே பற்றிக்கொள்ளும். வாளியில் அள்ளி வைத்த சேறு மெல்லப் புகைவதை ஒரு முறை பார்த்தவர் பிறகு நனைக்க மறக்க மாட்டார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. காந்த பிக் அரிப்புக் குழியை நன்றாகப் பார்க்கும். ஆனால் குழாயின் நீளவாட்டில் காந்தமேற்றும் வகையாக இருந்தால், அதே திசையில் ஓடும் மெல்லிய விரிசல் அதன் கண்ணில் படாது. மீயொலி பிக் விரிசலைப் பார்க்கும், ஆனால் சுவருக்கும் கருவிக்கும் நடுவே திரவம் வேண்டும். எரிவாயுக் குழாயில் அது சிக்கல். நசுங்கலை அளப்பது இன்னொரு கருவி. எல்லாவற்றையும் பார்க்கும் பிக் எதுவும் இல்லை. எந்தக் குறையைத் தேடுகிறோம் என்று முடிவுசெய்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்த முடிவு தவறினால் மற்றதெல்லாம் மிகத் துல்லியமான வீண்வேலை.

மார்ச் 7, இரவு 8.50

மேலே எழுதியதற்கு எடுத்துக்காட்டாக, மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல். 2010 ஜூலை 25 மாலை, என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் பிளந்தது. 1969இல் போட்ட குழாய். எட்டு லட்சம் கேலனுக்கு மேல் வெளியேறிக் கலமசூ ஆற்றில் கலந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அழுத்தம் இறங்கியதைக் குழாய்க்குள் ஏற்பட்ட வெற்றிடம் என்று நினைத்து இரண்டு முறை மீண்டும் பம்பை ஓட்டினார்கள். பதினேழு மணி நேரத்துக்குப் பிறகு, வெளியாள் ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் அவர்களுக்கே தெரியவந்தது. கொட்டியதில் பெரும்பகுதி அந்த இரண்டு மறுதொடக்கங்களில் கொட்டியது.

குறை மதிப்பீட்டைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமானது 2005. அந்த ஆண்டு விரிசல் தேடும் மீயொலி பிக் அதே குழாயில் ஓடி, பின்னர் பிளந்த அதே துண்டில் ஆறு அடையாளங்களைப் பதிவுசெய்தது. கருவி பார்த்துவிட்டது. ஆனால் அறிக்கையில் அவை "விரிசல் போன்றவை" என்ற தலைப்பில் போயின. "விரிசல் கூட்டம்" என்ற தலைப்பில் போயிருந்தால் தோண்டிப் பார்க்கும் வரிசைக்கு வந்திருக்கும். மேற்பூச்சு பாலிஎத்திலீன் டேப். அது தளர்ந்து கூடாரம்போல் தூக்கிக்கொண்ட இடத்தில் ஈரம் தங்கி, அரிப்பும் விரிசலும் ஒரே இடத்தில் வளர்ந்திருந்தன. அரிப்பை ஒரு கருவியின் அறிக்கையிலும் விரிசலை இன்னொன்றின் அறிக்கையிலும் தனித்தனியே மதிப்பிட்டார்கள். அரிப்பு மெலியவைத்த சுவரில்தான் விரிசல் நிற்கிறது என்பதை இரண்டு அறிக்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருந்தால் கண்டிருக்கலாம்.

டேப்பின் மற்றொரு கேடு: அது மின்னோட்டத்தையும் மறைத்துவிடுகிறது. தரையில் நின்று அளந்தால் கத்தோடிக் பாதுகாப்பு மைனஸ் 850 மில்லிவோல்ட்டைத் தாண்டி மிக நன்றாக இருக்கும். டேப்பின் கூடாரத்துக்குள் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்தக் கூடாரத்தைப் பிரித்திருக்கிறேன். கத்தியால் கீறித் தூக்கினால் உள்ளே தயிர்போல் வெள்ளைப் பசை இருக்கும். துடைத்துவிடாமல், முதலில் அதில் காரத்தன்மைத் தாளைத் தொட்டு நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் சுத்தம் செய்து, வெள்ளைப் பெயிண்ட் மெல்லிதாக அடித்து, காந்தத்தை வைத்துக் கறுப்பு மையைத் தெளிப்போம். ஒரு விநாடி ஒன்றுமே இராது. அப்புறம், யாரோ கூர்மையான பென்சிலால் வரைவதுபோல், ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக மயிரிழைக் கோடுகள் எழுந்து வரும். குழிக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள்.

மார்ச் 9, காலை 7.15

என் சொந்தத் தவறு ஒன்றையும் எழுதாமல் விட்டால் நேர்மையாக இராது. அறிக்கையில் 38 விழுக்காடு வெளி அரிப்பு, கடிகார நிலை நான்கு மணி என்று இருந்தது (குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாக வைத்து இடத்தைச் சொல்வோம், உச்சி பன்னிரண்டு). மூன்று மீட்டர் ஆழம் தோண்டி, பக்கவாட்டில் மண் சரியாமல் பலகை கொடுத்து, பூச்சை உரித்துப் பார்த்தோம். நான்கு மணியில் குழாய் கண்ணாடிபோல் இருந்தது. கருவியின் மேல் பழி போட்டு ஒரு மின்னஞ்சலே எழுதிவிட்டேன். மாலையில் தேநீர் கொண்டுவந்த பையன், குழாய்க்கு அந்தப் பக்கம் பூச்சு உப்பியிருப்பதைக் காட்டினான். கடிகாரத்தை எண்ணெய் ஓடும் திசையைப் பார்த்து நின்று படிக்க வேண்டும். நான் எண்ணெய் வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தேன். என் நான்கு மணி கருவியின் எட்டு மணி. மின்னஞ்சலைத் திரும்பப் பெற வழி இல்லை.

மார்ச் 9, இரவு 10.00

காலைக் குறிப்பைப் படித்துச் சிரித்தவர்களுக்கு, சிரிப்பு வராத ஒன்று. வளைகுடாவில் நான் வேலைபார்த்த ஓர் இடத்தில், நிறுவனம் எதுவென்று சொல்லப்போவதில்லை, பிக் அறிக்கை விரிதாளாக வந்தது. ஏறத்தாழ ஆயிரம் வரிகள். வந்தவுடன் அதை ஆழத்தின்படி வரிசைப்படுத்துவோம். மேலே இருப்பதைத் தோண்டுவோம். கீழே இருப்பது அடுத்த ஆண்டு. அந்த வரிசையில் முந்நூறுக்கும் கீழே ஒரு வரி: உலோக இழப்பு 22 விழுக்காடு, ஒரு மணி நிலை. யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அடுத்த துண்டில் 51 விழுக்காடு அரிப்பு இருந்ததால் அங்கே குழி வெட்டினோம். வெட்டுகிற இயந்திரத்துக்கு இடம் போதவில்லை என்று குழியை இரண்டு மீட்டர் நீட்டியபோது, குழாயின் மேல்பக்கத்தில் பூச்சுக்கு மேல் யாரோ கறுப்பு டேப் சுற்றியிருப்பது தெரிந்தது. பிரித்தால் நான்கு கோடுகள், ஒரே இடைவெளியில், இணையாக. பொக்லைன் பல்லின் தடம். அதற்கு நேர்கீழே கையால் தடவினால் மட்டுமே தெரியும் அளவுக்கு ஆழமில்லாத ஒரு நசுங்கல். யாரோ எப்போதோ குழாயில் இடித்து, பயந்து, டேப் சுற்றி மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் நசுங்கலோடு சேர்ந்த கீறலைவிடக் கெட்டது அநேகமாக இல்லை. கீறிய இடத்தில் எஃகு கடினப்பட்டுப் போயிருக்கும். அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் நசுங்கல் உள்ளும் வெளியும் மூச்சுவிடும். விரிசல் அங்கிருந்து கிளம்பும். 51 விழுக்காடு அரிப்பு இன்னும் பல ஆண்டுகள் நின்றிருக்கும் என்று பிற்பாடு கணக்கு காட்டியது. 22 விழுக்காட்டுக்கு எத்தனை நாள் இருந்தது என்று எங்களால் கணக்கிடவே முடியவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காமில் 1999 ஜூன் 10 அன்று பெட்ரோல் குழாய் பிளந்து ஓடையில் தீப்பற்றி, பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்த நிகழ்வின் தொடக்கமும் இப்படித்தான். 1994இல் அருகே நடந்த தண்ணீர்க் குழாய் வேலையில் பட்ட அடி. அதற்குப் பிறகு பிக் ஓடியது. அந்த இடத்தில் குறை இருப்பதையும் காட்டியது. தோண்டிப் பார்க்கவில்லை.

அந்தக் குழிக்குப் பிறகு என் பழக்கம் மாறிவிட்டது. விரிதாள் வந்தால் ஆழத்தின்படி அடுக்குவதில்லை. முதலில் இனத்தின்படி: அரிப்பா, விரிசலா, தையலா, நசுங்கலா, இரண்டும் சேர்ந்ததா. மேல்பக்கத்தில் எட்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே இருக்கும் எந்த நசுங்கலையும், எவ்வளவு சிறியதானாலும், தனிக் கட்டில் வைப்பேன். பொக்லைனின் அடி பெரும்பாலும் மேலிருந்துதான் விழும். ஆழம் கடைசி.

மார்ச் 10, பகல் 1.30

முதல் குறிப்பில் "இரும்பு முதுமை அடைவதில்லை" என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். எரிவாயுக் குழாயில் அழுத்தம் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்பதால் அந்த வாக்கியம் ஓரளவு பொருந்தும். திரவக் குழாயில் பம்பு நின்று ஓடும்போதெல்லாம் அழுத்தம் ஏறி இறங்குகிறது; ஐம்பது ஆண்டில் எத்தனை ஆயிரம் முறை என்று எண்ணிப் பாருங்கள். தையலில் பிறவியிலேயே சிறு குறை இருந்தால், அந்த எண்ணிக்கை அதை விரிசலாக வளர்த்துவிடும். ஆகவே கேள்வி கேட்டவரின் லாரி உவமையில் நான் ஒத்துக்கொண்டதைவிட அதிக நியாயம் இருக்கிறது. ஓடாத லாரியிலும் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் ஏதோ தளரத்தான் செய்யும்.

மார்ச் 13, இரவு 9.25

"ஐந்தாண்டுக்கு ஒரு முறை பிக் ஓட்டினால் குழி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரிந்துவிடுமே" என்ற கேள்விக்கு. தெரியும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்தேன்.

ஐந்தாண்டுக்கு முன் 25, இப்போது 40 என்றால், வளர்ச்சி 15 விழுக்காடு, நமது 9.5 மி.மீ. சுவரில் ஆண்டுக்கு 0.29 மி.மீ. அந்த வேகத்தில் 80 விழுக்காட்டைத் தொடப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும் (அதற்கு முன்பே அழுத்தக் கணக்கில் தோற்றுவிடும், அது வேறு). ஆனால் இரண்டு அளவுகளுக்கும் பத்து விழுக்காட்டுப் பிழை உண்டு. பழையது 35 ஆகவும் புதியது 35 ஆகவும் இருந்திருந்தால் குழி வளரவே இல்லை. பழையது 15, புதியது 50 என்றால் வேகம் இரட்டிப்பைவிட அதிகம். நான்கு ஆண்டுக்குச் சற்று மேல்தான் மீதி. ஒரே இரண்டு எண்களிலிருந்து "கவலை இல்லை" என்றும் "ஓடு" என்றும் படிக்கலாம்.

இதை உடைக்க ஒரே வழி, சில குறைகளைத் தோண்டி, நேரில் அளந்து, கருவி சொன்னதோடு ஒப்பிடுவது. கருவி தொடர்ந்து குறைத்துச் சொல்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கலிஃபோர்னியாவின் ரெஃபூஜியோ கடற்கரையில் 2015 மே 19 அன்று பிளந்த 24 அங்குலக் குழாயில், இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பிக் ஓடியிருந்தது. அது காட்டிய ஆழம் ஏறத்தாழ 47 விழுக்காடு. ஆய்வகத்தில் அளந்தபோது 89. சூடான எண்ணெய் என்பதால் குழாயின் மேல் வெப்பக் காப்பு சுற்றியிருந்தார்கள். அந்தக் காப்புக்கு அடியில் ஈரம் தங்கி அரித்தது. அப்போது அந்தக் குழாய்க்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை என்பதை இழையைத் தொடங்கியவரின் கவனத்துக்கு வைக்கிறேன்.

மார்ச் 15, மாலை 6.40

பழுது பார்ப்பதை "ஒட்டுப்போடுதல்" என்று சொன்னது கொஞ்சம் சுட்டது. ஆனாலும் பதில் சொல்கிறேன்.

குறை இருக்கும் இடத்தில் குழி வெட்டுவதற்கு முன்பே அழுத்தத்தை அண்மையில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்கு இறக்குவோம். மண்ணும் ஒரு தாங்கல்தான். அதை எடுத்த பிறகு குழாய் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது. அடிப்பக்கத்து நசுங்கல் என்றால் அதற்குள் உட்கார்ந்திருக்கும் பாறையை அவசரப்பட்டு உருவக்கூடாது. பாறை அழுத்திப் பிடித்திருந்த குறை, பாறை போனதும் வெளியே தள்ளிக்கொண்டு விரிசல் விடும்.

ஆழமில்லாத விரிசலைத் தேய்த்து எடுத்துவிடலாம். போய்விட்டதா என்று மறுபடியும் மை தெளித்துப் பார்ப்போம். வெளி அரிப்புக்குக் கண்ணாடி இழைச் சுற்று நல்ல மருந்து. உள்ளிருந்து அரிக்கும் குழிக்கு அதைச் சுற்றுவது, கூரை ஒழுகும்போது வெளிச்சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. ஒழுகக்கூடிய குறைக்கு, குழாயைச் சுற்றி மாட்டி இரு முனையும் பற்றவைத்த இரும்பு உறை, அதாவது ஸ்லீவ். எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பற்றவைப்பார்கள், சுவர் 6.4 மி.மீ.க்குக் குறையாத நல்ல இடமாகப் பார்த்து முனையை வைப்பது வழக்கம், இல்லையென்றால் சுடர் சுவரைத் துளைத்துவிடும் என்ற பயம் இருக்கும். வெல்டர் பற்றவைக்கும்போது ஓட்டம் அவரது வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெல்டு சட்டென்று ஆறினால் மறுநாள் காலையில் அங்கே விரிசல் நிற்கும். அதனால்தான் முடித்தவுடன் பார்ப்பதோடு நிற்காமல் மறுநாளும் ஆய்வு செய்கிறோம். எல்லாவற்றையும் தாண்டியதை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைப்போம்.

குறைகள் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு என்றால் இந்த வைத்தியம் போதும். துண்டுக்குத் துண்டு விரிசல் கூட்டம், டேப் முழுக்கத் தளர்ச்சி, ஆவணம் இல்லை என்றால், அந்தப் பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழாயின் வயது இருபத்தெட்டு.

மார்ச் 18, காலை 8.10

கேள்வி கேட்டவர் தம் வயலோரத்தில் இருக்கும் இரண்டு கம்பங்களின் படத்தை அனுப்பியிருக்கிறார். மஞ்சள் பலகையில் எண் எழுதியது குழாய்ப்பாதையின் அடையாளக் கம்பம். இடுப்பளவு உயரத்தில் சிறு பெட்டி வைத்த மற்றது டிஎல்பி என்று நாங்கள் சொல்லும் சோதனைக் கம்பம். குழாயிலிருந்து வரும் கம்பி அந்தப் பெட்டிக்குள் முடிகிறது. கத்தோடிக் பாதுகாப்பை அளப்பது அங்கேதான். அதற்கு மூடி இல்லை. உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறது. கம்பி ஒன்று பிடுங்கப்பட்டுத் தொங்குகிறது.

நிலம் உங்களுடையதுதான், 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ப்பாதைச் சட்டப்படி அவர்கள் எடுத்திருப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். அந்தப் பட்டையில் நீங்கள் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. அந்தக் கம்பத்தைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. பலகையில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்குச் சொல்லுங்கள். குழாய்ப்பாதையோரம் நடந்து கண்காணிக்கும் லைன் வாக்கர் வரும் நாளில் நேரிலும் சொல்லுங்கள். கம்பத்தின் எண், பார்த்த தேதி, தொங்கும் கம்பி ஆகிய மூன்றையும் எழுதி, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பத்தில் கடைசியாக அளந்தது எப்போது, என்ன எண் வந்தது என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். பக்கத்து வயலில் அண்மையில் பொக்லைன் ஓடியதா என்பதையும் எனக்கு எழுதுங்கள். படத்தின் ஓரத்தில் புதிதாக வெட்டிய வாய்க்கால் ஒன்று தெரிகிறது, அது கம்பங்களின் நேர்கோட்டைக் குறுக்கே கடந்துதான் போகிறது.